கூடையில் ஏறிய மண்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோப்லென்ஸில் வசிக்கிறேன். அந்தக் கரையிலுள்ள வேலென் ஊரின் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் யூர்ட்சிக்கின் ரீஸ்லிங்கும் எனக்கு வேறுவேறாக ருசிக்கின்றன. அங்கே நீலச் சிலேட்டுக்கல், இங்கே சிவப்பு மண். கல்லின் சுவைதான் ஒயினில் இறங்குகிறது என்றார் கடைக்காரர். உண்மையா? பூமி சூடாவதால் இதெல்லாம் அழிந்துவிடுமா? ஒரு தமிழ் எழுத்தாளர் மதுவைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று என் அண்ணன் வேறு கேட்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அது போதும்.

கடைக்காரர் சொன்னது அழகான பொய். ஒரு சிலேட்டுச் சில்லை நன்றாகக் கழுவி நக்கிப் பாருங்கள், ஒரு சுவையும் இருக்காது. கொடி கல்லைத் தின்பதில்லை. நீரில் கரைந்து வருவதை மட்டுமே உறிஞ்சுகிறது. கல் செய்யும் வேலை வேறு. மழைநீரைச் சட்டென்று வடியவிடுகிறது. வேரைப் பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கவைக்கிறது. பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகிறது. ஐம்பதாவது அட்சக்கோட்டை ஒட்டிய குளிர்நாட்டில், தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங்குக்கு அந்தச் சூடுதான் உயிர். இரவுக் குளிரில் புளிப்பும் கரையாமல் நிற்கிறது.

வேலெனில் சரிவின் நடுவே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1842-இல் கட்டியது, கொடிகளுக்கிடையே வேலை செய்பவர்கள் நேரம் பார்ப்பதற்காக. வெயில் நன்றாக விழும் இடத்தில்தானே அதை வைப்பார்கள்? அந்தத் தோட்டத்துக்கே கடிகாரத்தின் பெயர்தான். கல்லின் நிறத்தைக் கேட்டவர் இதைக் கவனித்தீர்களா? சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த வாரம் பறித்தார்கள், நொதிப்பதை எப்போது நிறுத்தினார்கள், இதையெல்லாம் விட்டுவிட்டு நீலம் சிவப்பு என்று கணக்குப் போடுகிறீர்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட நீங்கள் அந்தச் சரிவில் ஏறியதில்லை என்று கடிதமே சொல்லிவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் கண்ணாடிக் கோப்பையிலிருந்து தொடங்கியவன்தான். பிறகு பிரெம் ஊரின் கால்மோண்ட் மலைக்குப் போனேன். சில இடங்களில் சரிவு அறுபத்தைந்து பாகை வரை நிமிர்ந்து நிற்கிறது. ஏணியும் இரும்புக் கம்பியும் பிடித்து ஏறும் பாதை. பாதி வழியில் எனக்குத் தலை சுற்றி ஒரு கல்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். சூரியன் மறைந்து வெகுநேரமாகியும் கல் கையைச் சுட்டது.

எனக்குக் கீழே ஒரு கிழவர், மழையில் சரிந்த சிலேட்டுச் சில்லுகளைக் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மழையில் மறுபடி கீழே வரும், அவர் மறுபடி சுமப்பார். நானும் உங்களைப் போலவே, கல்தான் சுவையா என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் கூடையை இறக்காமலே தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

‘மண்ணின் சுவை’ என்று புட்டிக்குப் பின்னால் அச்சடிக்கிறார்களே, அந்த மண் அங்கே தானாகவா கிடக்கிறது? பல சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறு வண்டி வந்துவிட்டது, ஆனாலும் கத்தரிப்பதும் கட்டுவதும் பறிப்பதும் கையால்தான். சுமக்க ஆள் இல்லாத சரிவுகளில் முட்புதர் மண்டிவிட்டது. அதே கல், அதே வெயில், அதே ஆறு. ஒயின் மட்டும் இல்லை. இதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

வெப்பத்தைக் கேட்டிருந்தீர்கள். இதுவரை மோசலுக்கு அது ஒருவகையில் உதவியே செய்திருக்கிறது. முன்பு பல ஆண்டுகள் பழுக்காமலே போன திராட்சை இப்போது பழுக்கிறது. ஆனால் உறைந்த பழத்தைப் பிழியும் ஐஸ் ஒயினுக்கு மைனஸ் ஏழு பாகை செல்சியஸ் குளிராவது வேண்டும். 2019 விளைச்சலில் ஜெர்மனி முழுவதுமே அது ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

அக்டோபரில் அறுவடை நடக்கும்போது பிரெம்முக்குப் போய் வாருங்கள். பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். அண்ணனையும் கூட்டிப்போங்கள், அவர் குடிக்க வேண்டாம், ஒரு கூடை தூக்கட்டும்.