சொலினாய்டு மாற்றியும் கியர் மாட்டுகிறதா? கியர்பெட்டியைத் திறக்க விடாதீர்கள்

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் டர்பனில் ஒரு டீலரிடம் 135,000 ராண்டுக்குப் பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொண்டது. கியர் மாற்றும் ஆயிலை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வை மாற்றித் தந்தார்கள். ஐந்து வாரத்தில் மறுபடி அதே கதை. "இது வேறு சொலினாய்டு, தேய்மானம். ஃபுட்ஸ்டூட்ஸ் (உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்) என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்று 28,000 ராண்ட் கேட்கிறார் டீலர். தெரிந்த மெக்கானிக் திறந்து பார்க்கிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் மெக்கானிக்கை நிறுத்துங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு தரும் உத்தரவாதம், வண்டி டீலர் கையைவிட்டுப் போனபின் அதில் செய்த மாற்றங்களுக்குப் பொருந்தாது. ஆயில் பேனைக் கழற்றிய மறுநாளே "உங்கள் ஆள்தான் கெடுத்தான்" என்பார்கள்.

"வேறு சொலினாய்டு" என்ற வாதம் அவருக்கே பாதகம். 56(3)இன்படி, பழுது பார்த்த 3 மாதத்துக்குள் பழைய குறை தீராவிட்டாலும் புதுக் குறை தெரிந்தாலும், வண்டியை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். "வேறு சொலினாய்டு" என்பதை அவர் வாட்ஸ்அப்பில் எழுதும்படி கேளுங்கள்.

ஃபுட்ஸ்டூட்ஸ் பெரிய விஷயமில்லை. இன்ன குறை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் வெளிப்படையாக ஏற்றிருந்தால்தான் செல்லும். (தனியாரிடம் வாங்கியிருந்தால் கதையே வேறு.)

கொஞ்சம் பலமுள்ளது தேய்மான வாதம்தான், ஓடின கிலோமீட்டர் அதிகமென்றால் இன்னும் கூடுதலாக. அதற்குப் பதில் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் இருக்கிறது. வேறொரு வொர்க்‌ஷாப்பில், எதையும் கழற்றாமல், கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்பே முழு அறிக்கையை அச்செடுங்கள். கிலோமீட்டர் கணக்கும் அதில் இருக்கட்டும். பி0753 என்றால் மின்சுற்றுக் கோளாறு: சொலினாய்டின் காயில் (கம்பிச்சுருள்), வயர், பிளக் என்று எதுவாகவும் இருக்கலாம். பி0751 என்றால் கட்டளை போகிறது, கியர் மாறவில்லை. அழுக்கு ஆயிலோ, வால்வ் பாடியில் (கியர்பெட்டியில் ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) சிக்கிய வால்வோ காரணமாகலாம். முதல் தடவையே பி0751 வந்திருந்தால், வால்வ் பாடியைப் பார்க்காமல் சொலினாய்டை மட்டும் மாற்றியது அவர்களின் அரைகுறை வேலை. ஜாப் கார்டையும் (செய்த வேலையின் விவரச் சீட்டு) கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். கழற்றிய பாகத்தை வைத்திருந்து திருப்பித் தருவது 67ஆம் பிரிவின்படி அவர்கள் கடமை.

கியர்பெட்டியின் வெளிப் பிளக்கிலேயே ஓம் மீட்டர் வைத்துச் சொலினாய்டின் மின்தடையை அளக்கலாம். ஆன்-ஆஃப் வகைச் சொலினாய்டுகள் பல, குளிர்ந்த நிலையில் 11 முதல் 15 ஓம் காட்டும். உங்கள் மாடலின் மேனுவல் எண்தான் கடைசி வார்த்தை. குளிரில் ஒரு தடவை, ஏற்றம் ஏறி வந்த சூட்டில் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். சூட்டில் மட்டும் அறுபடும் காயில் டீலர் முற்றத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகளும் போயிருக்கலாம். அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

அதன்பின் ஓட்டாதீர்கள். 10 வேலை நாள் கெடு வைத்து, முழுப் பணம் திரும்ப வேண்டுமென்று மின்னஞ்சல் அனுப்புங்கள். திருப்பி ஒப்படைக்கும் டோயிங் செலவு டீலருடையது. மசியாவிட்டால் மோட்டார் துறை ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுங்கள். சிறு உரிமை நீதிமன்ற வரம்பு 20,000 ராண்ட்தான் என்பதால் கார் விலைக்கு அது உதவாது. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் வங்கிக்கும் எழுதுங்கள். தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.