கேஸ்ட்ரிக் குளிசை குடித்தால் மறதி வருமா?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "உம்மாவுக்கு 68 வயது. இருதய கிளினிக்கில் அஸ்பிரினோடு ஒமிப்ரசோல் என்ற கேஸ்ட்ரிக் குளிசையும் தருகிறார்கள். அதைக் குடித்தால் மறதி வருத்தம் (டிமென்ஷியா) 44 வீதம் கூடுமாம், வாட்ஸ்அப்பில் வந்தது. நிறுத்தட்டுமா?"

நிறுத்த வேண்டாம். இந்த வயதில் அஸ்பிரின் குடிப்பவருக்கு இரைப்பை புண்ணாகி இரத்தம் கசியாமல் காக்கத்தான் அந்தக் குளிசை.

44 என்பது கட்டுக்கதை இல்லை. 2016 இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றின் கணக்கு அது. 75 வயது தாண்டிய 73,000க்கு மேற்பட்டவர்களின் காப்புறுதிப் பதிவுகளைப் புரட்டி, இந்த வகைக் குளிசை எடுத்தவர்கள் யார், மறதி வந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். யாருக்கும் மருந்து கொடுத்துச் சோதிக்கவில்லை. இங்கேதான் சிக்கல். கிளினிக் கொப்பியில் இந்தக் குளிசை இருப்பவருக்குப் பெரும்பாலும் வேறு நாலைந்து மருந்தும் இருக்கும். சீனி, பிரஷர், பாரிசவாதம் என்று மூளையைத் தாக்கும் வருத்தங்களும் இருக்கும். பதிவில் இருந்ததை ஆய்வாளர்கள் கணக்கில் கழித்தார்கள். பதிவில் இல்லாததை எப்படிக் கழிப்பது? காரணம் இதுதானா என்று அறியச் சோதனை ஆய்வு வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் அந்த வரி மட்டும் வருவதில்லை!

அப்புறம், 44 வீதம் கூடும் என்றால் நூறில் 44 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. பேச்சுக்கு, நூறு பேரில் 10 பேருக்கு வருவது 14 ஆகும், அவ்வளவுதான்.

அந்த ஆய்வாளர்கள் கேட்டதுபோன்ற ஒரு சோதனையின் முடிவு 2019 இல் வந்தது. இருதய, இரத்தக்குழாய் நோயாளிகள் 17,598 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, பாதிப் பேருக்கு இதே வகையைச் சேர்ந்த பன்டோப்ரசோல், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. சுமார் மூன்று வருடத்தில் மறதி வருத்தத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. குடல் தொற்று மட்டும் சற்றுக் கூடியது: போலிக் குளிசை எடுத்தவர்களில் 1.0 வீதம், பன்டோப்ரசோல் எடுத்தவர்களில் 1.4 வீதம். மறதி மெதுவாக வரும் வருத்தம், மூன்று வருடம் போதாது என்று யாராவது சொன்னால் அது நியாயமான வாதம்தான். ஆனாலும் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வைவிட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

அஸ்பிரின் போன்ற காரணம் எதுவும் இல்லாமல், பாமசியில் தானாக வாங்கி வருடக்கணக்காகக் குடிப்பவர்கள் கதை வேறு. அவர்கள் டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். சடுதியாக விட்டால் சில காலம் நெஞ்செரிவு கூடலாம்.

இரைப்பையில் இரத்தம் கசிந்து உம்மாவின் மலம் தார்போல் கறுத்தால் அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.