போலந்தின் குளிர்காலப் புகைமூட்டம்: கேள்வி பதில்

கேள்வி: போலந்தின் காற்று மாசுக்கு அனல்மின் நிலையங்கள்தானே முதன்மைக் காரணம், ஐயா?

பதில்: கந்தக டை ஆக்சைடைப் பொறுத்தவரை ஒரு காலத்தில் அது உண்மை. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி மூன்றும் சந்தித்த எல்லைப் பகுதியில், பழுப்பு நிலக்கரிப் புகையால் பெய்த அமில மழையில் 1980களில் இசெரா மலைக் காடுகள் பட்டுப்போயின. அப்பகுதிக்குக் ‘கறுப்பு முக்கோணம்’ என்றே பெயர் விழுந்தது. 1990க்குப் பின் பழைய ஆலைகள் மூடப்பட்டு, மின்நிலையங்களில் கந்தகம் நீக்கும் கருவிகள் பொருத்தப்பட்டதால் அந்த வாயு பெருமளவு குறைந்துவிட்டது. இன்று குளிர்காலத்தில் நெஞ்சை அடைக்கும் நுண்துகள்களும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனும் பெரும்பாலும் வீட்டுப் புகைபோக்கிகளிலிருந்தே வருகின்றன.

கேள்வி: வீட்டு அடுப்புப் புகை அவ்வளவு கேடு செய்யுமா?

பதில்: செய்யும். மின்நிலையப் புகை வடிகட்டப்பட்டு, மிக உயரத்தில் வெளியேறிப் பரவிவிடுகிறது. வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரிலோ ஈர விறகும் மட்டமான நிலக்கரியும், சில வீடுகளில் குப்பையும்கூட, போதிய காற்றின்றிப் புகைந்து எரிகின்றன. அந்தப் புகை கூரை மட்டத்திலேயே தங்கி, தெருவில் நடப்பவரின் மூச்சில் கலக்கிறது. வீடுகளுக்கு விற்கும் நிலக்கரிக்குப் பல ஆண்டுகள் தர வரம்பே இல்லாமல் விட்டுவிட்டு 2018இல்தான் விதித்தார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: கிராக்கோவில் படிக்கப் போகிறேன். அங்கே நிலக்கரிக்குத் தடை இருந்தும் ஏன் புகைமூட்டம்?

பதில்: 2019 செப்டம்பர் 1 முதல் நகர எல்லைக்குள் நிலக்கரியும் விறகும் எரிக்கக் கூடாது, அதனால் காற்று தெளிவாகவே மேம்பட்டது. ஆனால் நகரம் விஸ்துலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. காற்று அசையாத குளிர் இரவுகளில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் நின்றுவிடுவதால், சுற்றுப்புற ஊர்களின் அடுப்புப் புகையும் நகரின் டீசல் புகையும் கீழேயே தேங்குகின்றன. பி.எம்.10 எனப்படும், 10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்களின் நாள் சராசரிக்கு ஐரோப்பிய வரம்பு, கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம். போலந்து தன் அபாய அறிவிப்பு அளவை 300இலிருந்து 150ஆகக் குறைத்ததே 2019இல்தான். எனவே அறிவிப்புக்காகக் காத்திராமல், ஆஸ்துமா இருந்தால் 50ஐத் தாண்டும் நாட்களிலேயே வெளியில் ஓடுவதைத் தவிருங்கள்.

கேள்வி: இனி நிலைமை எப்படி?

பதில்: மொத்தத்தில் மாசு குறைந்து வருகிறது. 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் போலந்து பி.எம்.10 வரம்பை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாய்லர் மாற்றத்துக்கும் வீட்டு வெப்பக்காப்புக்கும் மானியம் தரும் ‘தூய காற்று’ திட்டம் தொடங்கியது. 2022இல் ரஷ்ய நிலக்கரி நின்று விலை ஏறியபோது தர விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது பின்னடைவு. பி.எம்.2.5 எனப்படும் இன்னும் நுண்ணிய துகள்களுக்கான (2.5 மைக்ரோமீட்டர் வரை) ஐரோப்பிய ஆண்டு வரம்பு 2030இல் கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைகிறது. வருமானம் குறைந்த வீடுகளுக்கு மானியம் முன்கூட்டியே கைக்கு வந்தால்தான் அதை எட்ட முடியும் என்று கருதுகிறேன்.