நாஷ்வில் பிராட்வேயில் கன்ட்ரி ராக் கேட்க ஒரு ராத்திரி தனியாகப் போகலாமா?

கேள்வி: அலுவலக வேலையாக அடுத்த மாதம் அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்குப் போகிறேன், ஒரு ராத்திரி காலியாக இருக்கிறது. கன்ட்ரி ராக் (அமெரிக்கக் கிராமியப் பாட்டான கன்ட்ரியும் ராக்கும் கலந்தது) குழுக்கள் வாசிப்பதை நேரில் கேட்க நம்மைப் போன்றவர்கள் தனியாகப் போகலாமா? பிடிக்குமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் பர்ஸில் ரொக்கம் இல்லாமல் போகாதீர்கள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் பேச்சுவாக்கில் வருவது.

நீங்களும் அநேகமாக என்னை மாதிரிதான் இருப்பீர்கள். காரில் இளையராஜா, ஜிம்மில் அனிருத், கன்ட்ரி என்றால் தொப்பி வைத்த ஒருத்தர் டிரக்கையும் நாயையும் நினைத்து அழுவது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கு கிடாரைப் பிடிக்கக்கூடத் தெரியாது. நான் போன இடத்தில் வாசிப்பது பழைய ஹாங்கி டாங்க் (பார்களில் வாசிக்கிற கன்ட்ரி பாணி), அதைக் கன்ட்ரி ராக் என்று சொல்லக்கூடாது என்று கீழே கமென்டில் ஒருவர் வந்து வகுப்பெடுப்பார், எடுக்கட்டும். நான் கேட்டதில் டிரம்ஸ் இருந்தது, டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார் காதைக் கிழித்தது, ஸ்டீல் கிடார் அழுதது. எனக்கு அது போதும்.

நான் இருப்பது அட்லாண்டா பக்கம். நாஷ்வில் அங்கிருந்து காரில் நாலு மணி நேரம். வழியில் நேர மண்டலம் மாறுவதால் போகும்போது ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும், திரும்பும்போது பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை, கூட வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் கடைசி நிமிஷத்தில் கழன்றுகொண்டார்கள் (ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், அது நியாயம். இன்னொருவருக்கு 'மூட் இல்லை'). சரி, ஹோட்டலுக்குப் பணம் கட்டியாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

லோயர் பிராட்வே என்பது நாலைந்து பிளாக்குக்கு வரிசையாக பார்கள். முக்கால்வாசி இடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையில் ஆரம்பித்து நடுராத்திரி தாண்டியும் பாட்டு நிற்காது, ஒரு குழுவுக்கு நாலு மணி நேர ஷிப்ட். ஆறு மணிக்கு ஏறினால் பத்து மணிக்கு இறங்கி அடுத்த குழுவுக்கு மேடையை விடவேண்டும். அவர்கள் வருமானத்தில் பெரும்பங்கு, கூட்டத்துக்குள் சுற்றிவரும் வாளியில் நாம் போடும் டிப்ஸ். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மையில்லை, தெரிந்துகொள்ளவில்லை.

முதலில் ஊதா நிறத்தில் இருக்கிற டூட்ஸீஸ் என்ற பாருக்குப் போனேன். அதன் பின்வாசல் திறக்கிற சந்துக்கு அந்தப் பக்கம் ரைமன் அரங்கம், 1892-இல் கட்டியது. 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது. அந்தக் காலத்துப் பாடகர்கள் மேடை நிகழ்ச்சிக்கு நடுவே அந்தச் சந்து வழியாக வந்து ஒரு கிளாஸ் போட்டுவிட்டுத் திரும்புவார்களாம். 1968 மார்ச்சில் பேர்ட்ஸ் என்கிற ராக் குழு, கன்ட்ரி பாடும் கிராம் பார்சன்ஸைச் சேர்த்துக்கொண்டு அதே ஆப்ரியில் வாசித்தது. முடி வளர்த்த பையன்களுக்கு இங்கே என்ன வேலை என்று கூட்டம் முகம் சுளித்தது. இன்றைக்கு அதே தெருவில் மாடிக்கு மாடி டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் வைத்து முழங்குகிறார்கள், சுளிக்க ஆளில்லை. ஆனால் சனிக்கிழமை டூட்ஸீஸில் நிற்கவே இடமில்லை. கல்யாணப் பெண்ணும் பத்துத் தோழிகளும் ஒரே மாதிரி ரோஸ் தொப்பியில், அப்படி நாலு கும்பல். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்திலேயே ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற இன்னொரு பார். சுவர் நிறைய பூட்ஸ், ஏனென்றால் முன்னே அது பூட்ஸ் கடை. அதற்கும் முன்னே ஷோ-பட் என்ற ஸ்டீல் கிடார் கம்பெனி இருந்த கட்டிடம். ஆறு மணி ஷிப்டுக்குக் கால் மணி முன்னால் போனதால் மேடைக்கு ஒட்டின ஸ்டூல் கிடைத்தது. ஒரு பெரியவர், எழுபது இருக்கும், பெட்டியைத் திறந்து பெடல் ஸ்டீல் கிடாருக்கு ஒவ்வொரு காலாகத் திருகி நிறுத்திக்கொண்டிருந்தார். இது எப்படி வேலை செய்கிறது என்று வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன். மனுஷன் பத்து நிமிஷம் விளக்கினார். பத்துத் தந்தி, இடது கையில் உருண்டையான இரும்புக் கட்டை, இடது காலுக்கு மிதிகள், முழங்காலால் தள்ள நெம்புகோல்கள், வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மிதி. தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு கோட்டு வாத்தியம் வாசிப்பது மாதிரி. மிதியை அழுத்தி ஒரு தந்தியை மட்டும் இழுத்துக் காட்டினார், சுரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. நம் காதுக்கு அது அந்நியமே இல்லை. பிடிக்குமா என்று கேட்டீர்களே, அந்த ஒரு இழுப்பில் எனக்குப் பிடித்துவிட்டது.

வறுத்த பொலோனா (ஒருவகை இறைச்சி) சாண்ட்விச்சும் ஒரு பீரும் வாங்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் அசையவில்லை. முழுக்க வீடியோ எடுத்தேன். ஃபிடில் வாசித்த பெண்தான் வாளியோடு சுற்றிவந்தார். முதல் தடவை வந்தபோது போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கோயிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது சிலர் கண்ணை மூடி உருகிப் பிரார்த்திப்பார்களே, அப்படி. சாப்பாட்டுக்குத்தான் பணம் கொடுத்தாச்சே என்று ஒரு சமாதானம் வேறு. இரண்டாம் தடவை ஒன்பதரைக்கு வந்தவர் என் முன்னால் நின்றே விட்டார். பர்ஸில் கார்டுகள் மட்டும். வாளியில் வென்மோ என்ற பணம் அனுப்பும் ஆப்பின் கியூஆர் ஒட்டியிருந்தது, ஆனால் அவர்களையே வீடியோ எடுத்து எடுத்து என் போன் செத்துப்போயிருந்தது. "பரவாயில்லை கண்ணு, அடுத்த தடவை" என்றார், சிரித்தபடிதான். ஸ்டீல் பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லையோ என்னவோ, எனக்கு அப்படித் தோன்றியது.

ஏடிஎம் தேடி வெளியே ஓடினேன். கிடைத்த இடத்தில் நாலு பேர் வரிசை. நோட்டோடு திரும்பி வந்தால் மணி பத்தேகால், மேடையில் வேறு குழு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் போய்விட்டார். கையில் இருந்த இருபது டாலரை இவர்கள் வாளியில் போட்டேன். இன்னும் ஒரு பாட்டுக்கூட வாசிக்காததற்கு இவ்வளவு நன்றி சொன்னார்கள்.

இதை எழுதினால் "இருபது டாலருக்கு இவ்வளவு புலம்பலா", "டிப்ஸ் கலாச்சாரமே சுரண்டல், முதலாளிதான் சம்பளம் கொடுக்கணும்" என்று வருவீர்கள். கொடுக்கணும்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை அந்த ஃபிடில் பெண்ணின் வாளி முன்னால் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதைவிட வயிற்றெரிச்சல் பார்க்கிங். ஒரு தனியார் இடத்தில் பத்து மணி வரைக்கும் போனிலேயே பணம் கட்டியிருந்தேன். போன் செத்துப்போனதால் நேரத்தை நீட்டிக்க முடியவில்லை, அங்கே ஆளும் கிடையாது, கேமரா மட்டும். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கடிதம், 78 டாலர் கட்டு என்று. மேல்முறையீட்டுக்கு ஒரு இணையப் பக்கம் கொடுத்திருந்தார்கள், படத்தை ஏற்றினால் ஏறாது, ஏறினால் பக்கம் செத்துவிடும். போன் செய்தால் இயந்திரம் பேசும், கடைசியில் அதே பக்கத்துக்குப் போகச் சொல்லும். ஒரு மனுஷக் குரல்கூடக் கிடைக்கவில்லை. வாளி முன்னால் குனிந்த நான் அந்தக் கேமராவுக்கு முழுத் தொகையும் கட்டினேன். நீங்கள் ஹோட்டலிலேயே வண்டியை விட்டுவிட்டு ஊபரில் போங்கள். வாசலில் வயது பார்ப்பார்கள், ராத்திரியில் 21 ஆகியிருக்க வேண்டும், நரை முடியைக் காட்டினால் விடமாட்டார்கள், பாஸ்போர்ட்டோ அமெரிக்க லைசென்ஸோ கையில் இருக்கட்டும். காதில் வைக்க அடைப்பானும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மறுபடி போனேன், நாற்பது ஒற்றை டாலர் நோட்டுகளோடு. அதே ஸ்டூல், அதே ஆறு மணி ஷிப்ட். ஸ்டீலில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். பெரியவரைப் பற்றிக் கேட்கலாம் என்றால் பெயர்கூட எனக்குத் தெரியாது. வாளி மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் போட்டேன். பையனும் நன்றாகத்தான் வாசித்தான்.