வேலூரிலிருந்து புனேவுக்கு கார்: ஒரு வாரம் போதுமா?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூன் 1 அன்று புனேயில் வேலையில் சேர வேண்டும், காரை லாரியில் அனுப்ப ஒரு வாரம் முன்னால் புக் செய்தால் போதுமா?"

போதாது, மூன்று வாரமாவது வேண்டும். நாள் கழிவது சாலையில் இல்லை, கார்களை நிறுத்தி வைக்கிற யார்டில். ஒரு டிரெய்லரில் ஏழெட்டு கார் ஏற்றுவார்கள், அதே பக்கம் போகிற கார்கள் சேரும்வரை உங்களுடையது வெயிலில் காய வேண்டியதுதான். மே கடைசி வேறு, ஊரே இடம் மாறுகிற நேரம்.

வேலூரிலேயே முழு லோடு சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள், சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய்த்தான் ஏற்றுவார்கள். நானாக இருந்தால் பெங்களூர்தான் கேட்பேன். நம் ஊர் வழியாகப் போகும் அதே 48ஆம் எண் நெடுஞ்சாலைதான் பெங்களூர் தாண்டி புனேவுக்கும் போகிறது, எதற்குக் கிழக்கே போய்த் திரும்பி வரணும்? ஆனால் பெங்களூர் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவரை காரை யாராவது ஓட்டிப்போவார்களா, சின்ன வண்டியில் ஏற்றிப்போவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஓட்டித்தான் போவார்கள் என்றால் சாவி கொடுக்கும்போது மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள், கீறல்களையும் சேர்த்து.

தேதி பேசும்போது ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், "மே 15இலிருந்து 20க்குள் எடுங்கள்" என்று இடைவெளி கொடுத்தால் கிடைக்கிற டிரெய்லரில் உங்களைச் சேர்க்க அவர்களுக்கும் வசதி. புனேயில் பத்து நாள் கார் இல்லாமல் ஓட்டவும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம் போகவே வேண்டாம். வழியில் காருக்குச் சேதம் வந்தால் ஈடு தரும் டிரான்சிட் இன்சூரன்ஸ் "இருக்கு சார்" என்று வாயால் சொன்னால் பத்தாது, காரின் மதிப்பு போட்ட தாள் கையில் வர வேண்டும்.

கார் கடனில் இருக்கிறதா? அப்படியென்றால் பேங்க் வேலையை இன்றே தொடங்குங்கள். காரை அனுப்ப ஆர்டிஓ என்ஓசி (தடையில்லாச் சான்று) தேவையில்லை, ஆனால் 12 மாதத்துக்கு மேல் அங்கேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் மகாராஷ்டிரப் பதிவுக்கு மாற்ற அது வேண்டும், அதற்கு பேங்க் கடிதம் வேண்டும், அங்கேதான் இழுக்கும்.

டிக்கியில் அரிசி மூட்டை, ஊறுகாய் பாட்டில் எல்லாம் திணிக்காதீர்கள், தொலைந்தால் கேட்க முடியாது. கால் டேங்க் பெட்ரோல் போதும். ஃபாஸ்டேக்கை டோல்கேட் படிக்காதபடி மூடி வைக்கவும் மறக்காதீர்கள்: திறந்த டிரெய்லரில் போகும்போது டோல்கேட் அதைப் படித்துவிட்டால் லாரிக்கு ஒரு கட்டணம், உங்களுக்கு ஒன்று.