பொஸ் எல்லாருக்கும் முன்னால் ஏசுகிறார், வேலையை விட்டுவிடலாமா?

கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் நாலரை வருடமாக வேலை செய்வதாகச் சொல்கிறீர்கள்.

ஏச்சை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மாதக் கடைசியில் கத்தாத பொஸ் எந்தக் கந்தோரில் இருக்கிறார்? ஏசிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிழையைத் திருத்தியதும் விஷயம் முடிந்தால் சரி, அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் அதே பிழையை இன்னொருவர் விட்டால் சிரிப்பு, நீங்கள் விட்டால் இரவு 10 மணிக்கு வட்ஸ்அப் குழுவில் விசாரணை, வாயால் சொன்னதை மறுநாள் "நான் எப்போது சொன்னேன்?" என்று கேட்பது என்றால், அது வேறு கதை.

வாயால் வரும் உத்தரவுக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "நீங்கள் சொன்னபடி வியாழனுக்குள் முடித்துத் தருகிறேன்." பணிவான வரிதான், ஆனால் பிறகு மறுக்க முடியாது. விலகினால் கந்தோர் மின்னஞ்சலைத் திறக்க விடமாட்டார்கள், அதனால் திகதியோடு வீட்டுக் கொப்பியிலும் குறித்து வையுங்கள்.

கோபத்தில் நாளைக்கே விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால், நீங்களாக விலகினாலும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்கும். இன்னும் ஆறு மாதம்தானே. ஆனால் நித்திரையும் சாப்பாடும் கெட்டுவிட்டதென்றால் அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

அப்புறம், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனியின் பங்கான 12 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.