பைராக்சீன், ஆம்பிபோல்: பிளவுக் கோணம் மாறுவது ஏன்?

பைராக்சீன், ஆம்பிபோல் இரண்டுமே சங்கிலி சிலிக்கேட்தானே (சிலிக்கன்-ஆக்சிஜன் அலகுகள் சங்கிலியாகக் கோத்த கனிமங்கள்), பிளவுக் கோணம், அதாவது படிகம் பிளக்கும் இரு தளங்களுக்கு இடையிலான கோணம், மட்டும் ஏன் வேறு என்று கேட்டிருந்தீர்கள். கோணத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், சங்கிலியின் குறுக்குவெட்டை வரைந்து பாருங்கள். சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு மிக வலுவானது. அதனால் விரிசல் சங்கிலியை அறுக்காது. சங்கிலிகளுக்கு நடுவே மக்னீசியம், இரும்பு, கால்சியம் இருக்கும் இடங்கள் வழியே படிக்கட்டுப் போல ஏறிப் போகும். பைராக்சீனில் ஒற்றைச் சங்கிலி, படி குறுகல்: ஏறக்குறைய 87, 93 பாகை. ஆம்பிபோலில் இரட்டைச் சங்கிலி. அகலம் சுமார் இரு மடங்கு, உயரம் அதேதான். சரிவு படுத்துவிடுகிறது: 56, 124.

தீப்பெட்டிகளைச் செங்கல் கட்டு மாதிரி அடுக்கிப் பார்த்த அன்றுதான் எனக்கு இது விளங்கியது. ஒரு பெட்டி ஒற்றைச் சங்கிலியின் குறுக்குவெட்டு. அடுத்து, இரட்டைச் சங்கிலிக்குப் பக்கவாட்டில் இரண்டிரண்டாக ஒட்டி அடுக்குங்கள்.

கோணத்தைப் பார்க்க, நுண்ணோக்கியில் சங்கிலிக்குக் குறுக்காக வெட்டுப்பட்ட படிகத்தைத் தேடுங்கள். நெடுக்குவெட்டில் இரண்டிலும் ஒரே திசைக் கோடுகள்தான் தெரியும்.